அஞ்சலை ‘கோ’ சொன்ன சாயங்காலம்

அக்கா,

இன்றைக்குச் சாயங்காலம் ஒன்பதாம் வகுப்புப் பெண் ஒருத்தி மைதானத்தில் விழுந்து, முழங்காலைச் சிராய்த்துக்கொண்டு என்னிடம் வந்தாள். மருந்துப் பெட்டியைத் திறந்து டிஞ்சர் புட்டியின் மூடியைத் திருகினேன். அந்த நெடி மூக்கில் ஏறியதும் நீங்கள் பக்கத்தில் வந்து நின்ற மாதிரி இருந்தது. உங்கள் ஆட்காட்டி விரலில் எப்போதும் அந்தப் பழுப்புக் கறை இருக்கும். பஞ்சை முக்கி எடுத்துக்கொண்டு, “எரியும், நல்லா கத்திக்கோ. கத்துனா பாதி வலி போயிடும்” என்பீர்கள். இந்தப் பெண் கத்தவில்லை. உதட்டைக் கடித்துக்கொண்டு நின்றாள். “கத்தும்மா” என்று சொல்லிப் பார்த்தேன். அவள் என்னை ஒரு மாதிரியாகப் பார்த்தாள்.

நீங்கள் இறந்துபோய் ஒரு வருஷம் ஆகப்போகிறது. திண்டிவனத்தை விட்டு உங்களை மாற்றிய பிறகு இங்கே வந்த டிரில் டீச்சர்கள் யாருமே நிலைக்கவில்லை. கடைசியாக வந்தவள் கல்யாணமாகிப் போனதிலிருந்து அந்த இடம் காலியாகவே கிடக்கிறது. “நீங்கதான அவங்களோட கூடவே சுத்திக்கினு இருந்தீங்க, உங்களுக்குத் தெரியும்” என்று சொல்லி விளையாட்டு அறைச் சாவியை என்னிடம் கொடுத்துவிட்டார்கள். காலையில் பாசஞ்சர் வண்டி, பகல் முழுக்கக் கணக்குப் பாடம், அதற்குப் பிறகு வெயில் தாழ மைதானம். வீட்டுக்குப் போய்ச் சேரும்போது செருப்பைக் கழற்றக்கூடக் குனிய முடியவில்லை. போன வாரம் தலைமையாசிரியை கூப்பிட்டு, “ஒன்பதாம் வகுப்புக்கு விளையாட்டு பீரியடையும் கணக்குக்கே எடுத்துக்குங்க டீச்சர். ஓடி ஆடி என்ன ஆகப்போகுது?” என்றார். நீங்களாக இருந்தால் அங்கேயே ஏதாவது சொல்லியிருப்பீர்கள். எனக்கு அலுப்பாக இருந்தது. யோசித்துச் சொல்கிறேன் என்று வந்துவிட்டேன். ஓடி ஆடி என்ன ஆயிற்று என்று எனக்கே ஒருமுறை சொல்லிப் பார்த்துக்கொள்ளத்தான் இதை எழுதுகிறேன்.

நாம் முதலில் பேசியது ரயிலில்தான். விழுப்புரத்தில் பெண்கள் பெட்டியில் எனக்கு எதிரே வந்து உட்கார்ந்தீர்கள். வெள்ளைப் புடவை, வெள்ளை கேன்வாஸ் ஷூ, கழுத்தில் கயிறு கட்டிய விசில். ரயில்வே குவார்ட்டர்ஸில் எஞ்சின் டிரைவர் மகளாக வளர்ந்தவர் என்பதைப் பெட்டியில் ஏறிய தோரணையே சொல்லிற்று. முண்டியம்பாக்கம் தாண்டுவதற்குள் என் ஊர், பேர், பாடம் எல்லாம் கேட்டாகிவிட்டது. அன்றிலிருந்து எனக்கு ‘கணக்கு’ என்றே பெயர். “இன்னா கணக்கு, மூஞ்சத் தூக்கி வெச்சிக்கினு வர்ற?” என்று பிளாட்பாரத்தில் எல்லோர் காதிலும் விழுகிற மாதிரி கேட்பீர்கள். எனக்கு வெட்கமாக இருக்கும். ஆனால் நீங்கள் வராத நாளில் மயிலம் ஸ்டேஷன் வருவதற்குள் வண்டி எத்தனையோ நேரம் ஓடின மாதிரி இருக்கும்.

நம் பள்ளிக்கூடத்துப் பெண்களை நினைத்துப் பாருங்கள். இப்போது ஒன்பது, பத்து என்கிற நாலாம் பாரம், ஐந்தாம் பாரம் வந்த பெரிய பெண்கள். கேள்வி கேட்டால் எழுந்து நின்று தாவணி நுனியை விரலில் சுற்றிக்கொண்டு தரையைப் பார்ப்பார்கள். பதில் தெரிந்திருக்கும், குரல் வராது. நான் பொறுமை இல்லாதவள். பாடம் முடிய வேண்டுமே என்று நானே விடையைச் சொல்லி உட்காரச் சொல்லிவிடுவேன். அவர்களில் அஞ்சலை ஒரு படி மேல். பெருமுக்கல் பக்கத்துக் கிராமத்தில் கூலி வேலை செய்கிறவர்களின் மகள். திண்டிவனத்தில் ஆஸ்பத்திரி ஆயாவாக இருந்த அத்தை வீட்டில் தங்கிப் படித்தாள். பரீட்சைத் தாளில் கணக்கெல்லாம் சரியாக இருக்கும். வகுப்பில் அவள் குரல் எப்படி இருக்கும் என்றே எனக்குத் தெரியாது. இன்ஸ்பெக்டர் வந்தபோது பேர் கேட்டார். பக்கத்துப் பெண்தான் சொன்னாள்.

“அவளை கோகோவுல சேத்துக்கினேன்” என்று ஒருநாள் ரயிலில் சொன்னீர்கள். எனக்குச் சிரிப்பு வந்தது. வரிசையாக உட்கார்ந்திருக்கிறவர்களில் ஒருத்தியின் முதுகைத் தொட்டு ‘கோ’ என்று உரக்கச் சொன்னால்தான் அவள் எழுந்து ஓடலாம், சொல்லாமல் தொட்டால் தப்பாட்டம். வாயே திறக்காதவள் அதில் என்ன செய்வாள்?

“ஒரே எழுத்துதான கணக்கு? அதக்கூடவா சொல்ல மாட்டா?” என்றீர்கள்.

சொல்லவில்லை. ஆடி மாதம் முழுக்கச் சொல்லவில்லை. காற்றாக ஓடினாள், தொட்டாள், உதடு அசைந்தது, சத்தம் வரவில்லை. ஒவ்வொரு முறையும் நீங்கள் விசில் ஊதி ஆட்டத்தை நிறுத்துவீர்கள். மற்றப் பெண்கள் முணுமுணுத்தார்கள், “இவளால நாம தோத்துக்கினே இருக்கணுமா டீச்சர்?” நீங்கள் திட்டவும் இல்லை, கெஞ்சவும் இல்லை. “மறுபடி” என்பீர்கள். அதுதான் நீங்கள் பேசிய அதிகபட்சப் பேச்சு. நான் வராந்தாவில் உட்கார்ந்து நோட்டுத் திருத்திக்கொண்டே பார்ப்பேன். ஒருநாள் தூறலில் ஆட்டம் நடந்துகொண்டிருந்தபோது ‘கோ’ என்று ஒரு குரல் கேட்டது. கனத்த, கட்டையான குரல். நான் தலையைத் தூக்கினேன். அஞ்சலையே பயந்துபோய் வாயைக் கையால் பொத்திக்கொண்டு நின்றாள். பெண்களெல்லாம் ஒரு கணம் திகைத்து, பிறகு கைதட்டினார்கள். நீங்கள் கைதட்டவில்லை. “ஆட்டத்தப் பாருங்கடி, எவ ஓடறான்னு பாருங்க” என்று அதட்டினீர்கள். வண்டியில் வரும்போது கேட்டேன், ஏன் ஒரு நல்ல வார்த்தை சொல்லவில்லை என்று. “அது இன்னா அதிசயமா? மனுஷங்க வாய் பேசத்தான இருக்கு. அதிசயம்னு நாம காட்டுனா அவளுக்கு மறுபடியும் பயம் வந்துடும்” என்றீர்கள்.

அந்தக் குழுவில் வசந்தா இருந்தாள். நல்ல நிலபுலம் உள்ள குடும்பம். மல்லாட்டைக் கடலையும் நெல்லும் விளையும் வீடு. அழகாகப் படிப்பாள், அதட்டினால் அழுதுவிடுவாள். வீட்டில் அப்பா கிழித்த கோட்டைத் தாண்டாதவள். ஆட்டத்தில் அவள் இடம் அஞ்சலைக்கு அடுத்த இடம். அஞ்சலை தொட்டு எழுப்ப, இவள் ஓட, இரண்டு பேரும் சேர்ந்தால் எதிர்ப்பக்கத்துப் பெண்கள் தப்பிக்க முடியாது. விழுப்புரத்தில் இன்னொரு பெண்கள் பள்ளியோடு போட்டி என்று முடிவானது. ஊருக்குள் அந்தப் பேச்சு போயிற்று. யார் யார் ஆடுகிறார்கள், யார் யாரைத் தொட்டு எழுப்புகிறார்கள் என்ற பேச்சும் கூடவே போயிற்று.

வசந்தாவின் அப்பா வந்த சாயங்காலம் உங்களுக்கு ஞாபகம் இருந்திருக்கும், சாகும்வரை. வெளுத்த வேட்டி, தோளில் துண்டு. வண்டியை வாசலில் விட்டுவிட்டு நேரே மைதானத்துக்கு வந்தார். சத்தம் போடுகிற மனிதர் இல்லை. அதனால்தான் இன்னும் பயமாக இருந்தது. நான் வராந்தாவிலிருந்து இறங்கி உங்கள் பக்கத்தில் வந்து நின்றேன்.

“டீச்சரம்மா, பொண்ண நான் படிக்கத்தான் அனுப்பிச்சேன். குதிக்கறதுக்கு இல்ல. சரி, குதிச்சிட்டுப் போவுது, சின்னப் புள்ள. ஆனா சேரிப் புள்ள வந்து முதுவத் தொட்டு எழுப்பணும், அதுக்கு எம் பொண்ணு எந்திரிச்சி ஓடணும்னா, நான் ஊருல தலை காட்ட வேணாமா?”

ஆட்டம் நின்றுபோயிருந்தது. வசந்தா தன் கட்டத்தில் குந்தியிருந்தாள். அஞ்சலை அவளுக்குப் பின்னால், தொடப்போன கையை அப்படியே வைத்துக்கொண்டு நின்றாள். அவர் சொன்னது அவள் காதில் விழாமல் இருக்க வழியில்லை.

“ஆட்டம் முடியட்டும்ங்க. அப்புறம் பேசலாம்” என்றீர்கள்.

“பேச ஒண்ணும் இல்ல. வசந்தா, எந்திரி. வா.”

அவள் எழுந்திருக்கவில்லை. அப்பாவையும் உங்களையும் மாறி மாறிப் பார்த்தாள். கண்ணில் தண்ணீர் நின்றது. அப்போது நீங்கள் அவளிடம் போய், தரையில் குந்தி, “உனுக்கு எப்டித் தோணுதோ அப்டிச் செய்ம்மா. எழுந்து போனாலும் நான் கோச்சிக்க மாட்டேன்” என்றீர்கள். சொல்லிவிட்டுத் தள்ளி வந்துவிட்டீர்கள். எனக்கு அந்த மௌனத்தைத் தாங்கமுடியவில்லை. ஏதாவது சொல்லி அந்தப் பெண்ணை அனுப்பிவிடலாம் என்று வாயெடுத்தேன். நீங்கள் என் மணிக்கட்டைப் பிடித்து அழுத்தினீர்கள்.

வசந்தா திரும்பிப் பார்க்காமல், தரையைப் பார்த்தபடியே, “சொல்லுடி” என்றாள். மெதுவாகத்தான் சொன்னாள். அஞ்சலை தொட்டாள். ‘கோ’ என்று அவள் சொன்னது ரோட்டில் போகிறவர்களுக்கும் கேட்டிருக்கும். வசந்தா எழுந்து ஓடினாள், அக்கா. அப்பாவுக்கு முன்னாலேயே, பாவாடையைத் தூக்கிச் செருகிக்கொண்டு கம்பம் வரைக்கும் ஓடினாள். அவர் கொஞ்ச நேரம் நின்று பார்த்தார். துண்டை எடுத்து முகத்தைத் துடைத்துக்கொண்டார். பிறகு போய்விட்டார்.

கதையாக இருந்தால் இதோடு நிறுத்தலாம். மறுநாள் வசந்தா பள்ளிக்கூடத்துக்கு வரவில்லை. அதற்கு அடுத்த நாளும் வரவில்லை. தை பிறந்தால் கல்யாணம் என்று யாரோ வந்து சொன்னார்கள்.

வண்டியில் நாம் போட்ட சண்டை அதுதான் முதலும் கடைசியும். “படித்துக்கொண்டிருந்த பெண், அக்கா. இப்போது அதுவும் இல்லை. என்ன லாபம்?” என்று நான் கேட்டேன். நீங்கள் ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டீர்கள். பேரணி ஸ்டேஷன் வரைக்கும் திரும்பவே இல்லை. பிறகு, “அவங்க அப்பன் இன்னிக்கு இல்லாட்டி நாளைக்கு நிறுத்தியிருப்பான், அது வேற. ஆனா நான் அவகிட்ட உன் இஷ்டம்னு சொன்னதாலதான் இன்னிக்கே நிறுத்துனான். அது எனக்குத் தெரியாதுன்னு நெனைக்கிறியா?” என்றீர்கள். கரித்தூள் கண்ணில் விழுந்தது என்று சொல்லி முந்தானையால் துடைத்துக்கொண்டே இருந்தீர்கள். நானும் கரித்தூள் என்றே எடுத்துக்கொண்டேன்.

வசந்தா இல்லாமலேயே விழுப்புரத்தில் ஆடினோம். தோற்றோம். அஞ்சலை பந்தயத்தில் ஓடினாள், ஆனால் அந்த ஓட்டத்தில் உயிர் இல்லை. அடுத்த ஞாயிற்றுக்கிழமை நாம் இரண்டு பேரும் வசந்தா வீட்டுக்குப் போனோம். களத்தில் மல்லாட்டை காய்ந்துகொண்டிருந்தது. அவர் நம்மைக் கூடத்தில் உட்காரவைத்து, மோர் கொடுத்து, நம் குடும்பத்தையெல்லாம் விசாரித்தார். படிப்பைப் பற்றி நீங்கள் பேச்செடுத்தபோது மட்டும், “அது முடிஞ்சு போச்சும்மா. நீங்க நல்லவங்க, அதனால சொல்றேன், இதுக்கு மேல பேஜாரு வேணாம்” என்றார். கிளம்பும்போது உள்கதவு லேசாகத் திறந்தது. வசந்தா தலையை மட்டும் நீட்டி, “டீச்சர், மேட்சுல ஜெயிச்சமா?” என்று கேட்டாள்.

“தோத்துட்டோம்மா. நீ இல்லாம கை ஒடிஞ்ச மாதிரி ஆயிடுச்சு” என்றீர்கள்.

அவள் சிரித்தாள். அவள் இல்லாமல் ஒன்று தோற்றுப்போனதில் அவளுக்கு வந்த பெருமையை அந்த முகத்தில் பார்த்தேன். கதவு சாத்திக்கொண்டது.

அஞ்சலை அதற்குப் பிறகு மைதானத்துக்கு வருவதை நிறுத்திவிட்டாள். “என்னாலதான் டீச்சர் அவ படிப்பு போச்சு” என்று உங்களிடம் சொன்னாளாம். பழையபடி வாய் மூடிக்கொண்டது. நான் சோர்ந்துபோனேன். பட்ட பாடெல்லாம் இவ்வளவுதானா என்று தோன்றியது. நீங்கள் சோரவில்லை என்று சொல்லமாட்டேன். உங்களுக்கு முகம் வாடித்தான் இருந்தது. ஆனால் சாயங்காலமானால் ஷூவுக்கு நாடா கட்டிக்கொண்டு இறங்கிவிடுவீர்கள். அஞ்சலையை ஆடக் கூப்பிடவில்லை. சின்னப் பெண்களின் ஆட்டத்துக்குக் கோடு போட ஆள் வேண்டும் என்று சுண்ணாம்பு வாளியைக் கொடுத்தீர்கள். கோடு போட்டவள், கோட்டை மிதிக்கிற பிள்ளைகளை அதட்டத்தானே வேண்டும்? கார்த்திகை மழை நின்ற நேரத்தில், “ஏய், கோட்டுக்கு இந்தப் பக்கம் வா!” என்று அந்தக் கட்டைக் குரல் மறுபடி கேட்டது. அன்றைக்கும் நீங்கள் திரும்பிப் பார்க்கவில்லை. “தைரியம்னு தனியா ஒண்ணு கெடையாது கணக்கு. வாய் தொறந்து பழகணும். விட்டுப் போச்சுன்னா மறுபடி பழகணும். அவ்ளோதான்” என்றீர்கள்.

வருஷ முடிவில் உங்களுக்கு மாற்றல் வந்தது. யார் புகார் எழுதிப்போட்டார்கள் என்று நீங்கள் விசாரிக்கவே இல்லை. கோட்டக்குப்பம் பக்கத்தில் ஒரு பள்ளிக்கூடம், மைதானம் என்ற பெயரில் வெறும் மணல். நான் வந்து பார்த்தபோது, சுற்றிலும் கீற்றுத் தட்டி கட்டி, பெண்களை மணலில் ஓடவிட்டிருந்தீர்கள். அம்மாமார்கள் தட்டிக்கு உள்ளே உட்கார்ந்து, யார் பெண் எங்கே ஓடுகிறது என்று பார்த்துக்கொண்டிருந்தார்கள். “அவங்களயும் உள்ள வுட்டுட்டேன். இப்ப அவங்களே கூச்சல் போடறாங்க” என்று சிரித்தீர்கள். இளைத்துப்போயிருந்தீர்கள். மணல்தான் காரணம் என்றீர்கள். வயிற்றில் கட்டி என்று தெரிவதற்குப் பல வருஷம் ஆயிற்று. அப்போது தெரிந்தும் பயனில்லை.

விழுப்புரம் பெரியாஸ்பத்திரியில் உங்கள் கட்டிலைச் சுற்றிப் பெண்கள் வந்துகொண்டே இருந்தார்கள். அஞ்சலை வந்தாள். பள்ளி இறுதித் தேர்வு எழுதி, டிரெயினிங் முடித்து, வானூர் பக்கம் ஒரு தொடக்கப் பள்ளியில் டீச்சராக இருக்கிறாள். அவள் ஒன்றும் பெரிய பேச்சாளர் ஆகிவிடவில்லை. இன்றைக்கும் நாலு பேர் கூடிய இடத்தில் ஓரமாகத்தான் உட்காருவாள். ஆனால் வார்டில் டியூட்டியில் இருந்தவர் உங்களுக்கு ஊசி போட வராமல் இழுத்தடித்தபோது, எழுந்துபோய், “எங்க டீச்சருக்கு வலிக்குதுங்க. இப்ப வாங்க” என்று நிதானமாகச் சொன்னது அவள்தான். நானும் படித்தவள், நாற்காலியில் உட்கார்ந்திருந்தேன். எனக்கு வரவில்லை அந்தச் சொல். நீங்கள் கண்ணை மூடியிருந்தீர்கள். அதைக் கேட்டீர்களோ என்னவோ.

இந்த ஜூன் மாதம் நடந்ததை உங்களிடம் சொல்ல வேண்டும். ஆறாம் வகுப்புச் சேர்க்கை நடந்துகொண்டிருந்தது. ஒரு பெண்மணி மகளோடு வரிசையில் நின்றாள். கொஞ்சம் சதை போட்டிருந்தாள். முன்தலையில் ஒன்றிரண்டு நரை. நிமிர்ந்து பார்த்ததும் வசந்தா என்று தெரிந்துவிட்டது. குமாஸ்தா, “அப்பா வரலையாம்மா? கையெழுத்து வேணுமே” என்றார். “அவரு கழனியில இருக்காரு. நான் போடறேன், நான் அவ அம்மா” என்று பேனாவை வாங்கிக்கொண்டாள். குமாஸ்தா ஏதோ சொல்ல வந்து நிறுத்திக்கொண்டார்.

பிறகு என்னிடம் வந்து, “எம் பொண்ணு வாயே தொறக்க மாட்டேங்குது டீச்சர். கோகோவுல சேத்துக்கினு அந்த டீச்சர்கிட்ட வுடுங்க. எங்க அவங்க? கிரவுண்ட்ல இருக்காங்களா?” என்று மைதானத்துப் பக்கம் எட்டிப் பார்த்தாள்.

அக்கா, அவளை வராந்தாவுக்குக் கூட்டிப்போனேன். பிறகு சொன்னேன். அவள் வராந்தாப் படியில் உட்கார்ந்துவிட்டாள். அழுதாள். மகள் என்ன ஏது என்று புரியாமல் அம்மாவின் தோளைப் பிடித்துக்கொண்டு நின்றது. ரொம்ப நேரம் கழித்து வசந்தா முகத்தைத் துடைத்துக்கொண்டு, “அன்னிக்கு ஓடுனதுக்கு நான் ஒரு நாளும் வருத்தப்பட்டது இல்ல டீச்சர். படிப்பு போச்சேன்னு அழுதிருக்கேன். ஓடுனதுக்கு அழுவல. இத அவங்ககிட்ட சொல்லணும்னு நெனச்சிக்கினே இருந்தேன்” என்றாள்.

நீங்கள் பேரணி வரைக்கும் ஜன்னலைப் பார்த்துக்கொண்டு வந்த அந்த நாளுக்குப் பதில் இது. இவ்வளவு தாமதமாக வந்தது. உங்களிடம் சேர்க்க எனக்கு வேறு வழி தெரியவில்லை.

நேற்றுத் தலைமையாசிரியையிடம் போய், விளையாட்டு பீரியட் அப்படியே இருக்கட்டும், கணக்குக்குக் காலையில் கொஞ்சம் முன்னதாக வருகிறேன் என்று சொன்னேன். உங்களைப் போல உரக்கச் சொல்லவில்லை. சொன்னேன். அதாவது இன்னும் முந்தின வண்டி. உடம்பு கேட்கிறதா என்று அப்புறம்தான் பார்க்க வேண்டும்.

உங்கள் உற்சாகம் எனக்கு வரவே இல்லை, அக்கா. விசில் ஊதினால் பாதி நேரம் காற்றுதான் வருகிறது. ஆட்டத்தின் விதிகளைப் பெண்கள்தான் எனக்குச் சொல்லிக்கொடுக்கிறார்கள். ஆனால் நீங்கள் என் மணிக்கட்டைப் பிடித்து அழுத்திய இடம் ஒன்று இருக்கிறது. கரும்பலகையில் கணக்கைப் போட்டுவிட்டு, வசந்தாவின் மகளை எழுப்பி விடை கேட்கிறேன். அவள் தரையைப் பார்க்கிறாள். வகுப்பு நெளிகிறது. மணி அடிக்க நேரமாகிவிட்டது. விடை என் நாக்கு நுனியில் இருக்கிறது. நான் சொல்லுவதில்லை. அவள் வாய் திறக்கும்வரை, சாக்பீஸைக் கையில் வைத்துக்கொண்டு, பேசாமல் நிற்கிறேன்.